சிதல் பிடிச்ச முழங்காலும் ஓடத் துடிக்கிற காலும்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதம், வட்ஸ்அப் மெசேஜ் எல்லாத்தையும் மேசையில பரப்பிப் பாத்தா முக்கால்வாசி ஓட்டக்காரரிட்ட இருந்துதான் வந்திருக்கு. விடியப்புறம் பண்ணைப் பக்கம் போனாத் தெரியும், யாழ்ப்பாணத்தில பாதிச் சனம் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு றோட்டிலதான் நிக்குது, நல்ல விசயம், ஆனா ஓடுறவை கூடக் கூட விழுறவையும் கூடுவினம்தானே. அதால இந்த இதழ் முழுக்கக் காயக் கதை. பிறஷர், கொலஸ்ரோல் எண்டு கேட்டவை கோவிக்காதேங்கோ, அடுத்த முறை கட்டாயம் எழுதுறன்.

உரும்பிராயில இருந்து ஒரு தம்பி (29 வயசு)

அக்கா வணக்கம். நான் காலமையில பலாலி றோட்டால ஓடுறனான். போன மாசக் கடைசியில ஒரு ஒழுங்கை முகப்பில நாய் கலைச்சு, சறுக்கிக் கிறவலுக்க முழங்கால் குத்த விழுந்திட்டன். நல்லா உரஞ்சி, முழங்காலுக்குக் கீழ ஒரு இடத்தில தோல் கிழிஞ்சு போச்சு. வீட்ட வந்து மேலால தண்ணி ஊத்தி டெற்றோல் பூசினன், அம்மா மஞ்சளும் வைச்சு விட்டவ, பிளாஸ்ரர் ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போட்டன். அடுத்த நாளும் மெதுவா ஓடினனான். மூண்டாம் நாள் இரவு விண் விண் எண்டு குத்தத் தொடங்கி விடியப் பாத்தா முழங்கால் பப்பாப்பழம் மாதிரி வீங்கிக் கிடக்கு, அரையில நெறி கட்டி, காய்ச்சலும் வந்திட்டுது. ஆஸ்பத்திரியில காயத்தைத் திறந்து சிதல் எடுத்தவை, உள்ளுக்க இருந்து ரெண்டு குட்டிக் கல்லும் வந்தது. அன்ரிபயோட்டிக் தந்து ஒருநாள் விட்டு ஒருநாள் மருந்து கட்டச் சொன்னவை. இப்ப காய்ச்சலும் இல்லை நோவும் இல்லை. இன்னும் மூண்டு கிழமையில கொழும்பில ஒரு அரை மரதனுக்குக் காசு கட்டிப் பதிஞ்சும் போட்டன். ஓடலாமோ? டொக்டர் "ரெஸ்ட் எடும்" எண்டதோட முடிச்சிட்டார்.

பதில்: தம்பி, முதல்ல நாயின்ர கதையை முடிச்சிட்டு முழங்காலுக்கு வருவம். நாய் கலைச்சது மட்டும்தானோ, இல்லை பல்லோ நகமோ பட்டதோ, காயத்தில வாய் வைச்சதோ? எழுதேல்லை நீங்கள். பட்டிருந்தா இதை வாசிச்சு முடிக்கிற வரைக்கும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, கன நாளாப் போச்சே எண்டு யோசிக்க வேண்டாம், விசர்நாய்க்கடி ஊசி பிந்திப் போனாலும் போடத்தான் வேணும், அரசாங்க ஆஸ்பத்திரியில சும்மாதான் போடுவினம். மற்றவைக்கும் சொல்லுறன், நாய் பல்லுப் பட்ட இடத்தை உடனயே சவர்க்காரம் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிசம் கழுவோணும். 15 நிமிசம் எண்டா மணிக்கூட்டைப் பாத்து, ஏனெண்டா கழுவத் தொடங்கி ரெண்டாம் நிமிசமே காணும் காணும் எண்டுதான் எல்லாருக்கும் தோணும்.

இனி முழங்கால். அது மூண்டாம் நாள் பழுதாப் போகேல்லை, விழுந்த முதல் மணித்தியாலத்திலயே பழுதாப் போட்டுது, உங்களுக்குத் தெரிய மூண்டு நாள் எடுத்தது, அவ்வளவுதான். எங்கட தோலிலயே குடியிருக்கிற ஸ்டபிலோகொக்கஸ், ஸ்ரெப்டோகொக்கஸ் எண்ட கிருமியள்தான் பெரும்பாலும் இந்த வேலையைச் செய்யிறது, சும்மா ஒரு கீறலுக்க போனா உடம்பு தானாச் சமாளிச்சிடும், ஆனா ஒரு கல்லோ மண்ணோ துணி நூலோ உள்ளுக்க இருந்தா அதுக்கு மேல ஏறி இருந்துகொண்டு பெருகும், வெள்ளை அணுவுக்கும் அங்க கிட்டப் போக ஏலாது, மருந்தும் வடிவாப் போய்ச் சேராது. கல்லு வெளியால வந்த பிறகுதானே உங்களுக்குக் காய்ச்சல் விட்டது? அன்ரிபயோட்டிக் பாதி வேலை செய்தது, காயத்தைத் திறந்து கழுவினது மற்றப் பாதி.

நாங்கள் காயத்துக்கு எதையாவது பூசோணும் எண்டு அவசரப்படுறம், கழுவுறதில கஞ்சத்தனம் பாக்கிறம். உங்கட வீட்டிலயும் இதுதான் நடந்தது. மேலால ஒரு கோப்பை தண்ணி ஊத்தினா ரத்தம் போகும், கல்லுப் போகாது. கைய சவர்க்காரம் போட்டுக் கழுவிப்போட்டு, பைப்பை நல்லாத் திறந்து, அந்த வேகத்தில ஒரு அஞ்சு பத்து நிமிசம் காயத்தைப் பிடிக்கோணும், சுத்தி வரச் சவர்க்காரம் போடலாம், ஒட்டிக்கொண்டு கிடக்கிற மண்ணை நனைச்ச கோஸ் துணியால உரசி எடுக்கோணும், நோகும், பல்லைக் கடிச்சுக்கொள்ளுங்கோ. சாமணத்தால எடுக்கக் கூடிய கல்லை எடுங்கோ, ஆழமா ஓடினதைக் கிண்ட வேண்டாம், அதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. விட்ட மண் கிருமியா வராட்டிலும் தோலுக்க நீலமாத் தங்கிப் போகும், பச்சை குத்தின மாதிரி, பேந்து போகாது.

எங்கட கிணத்துத் தண்ணியைப் பற்றி ஒரு சொல்லு. சுண்ணக்கல்லுத் தரையில மேல ஊத்தினது கெதியாக் கீழ இறங்கும், பல வளவுகளில கிணத்துக்கும் கக்கூஸ் குழிக்கும் இடையில இருக்கிற தூரத்தைப் பாத்தா எனக்குப் பயம் வாறது. விழுந்த உடன வேற வழி இல்லையெண்டா எந்தக் கிணத்துத் தண்ணியாலயும் கழுவுங்கோ, மண்ணோட விடுறதை விட அது ஆயிரம் மடங்கு திறம். ஆனா பேந்து பேந்து மருந்து கட்டேக்க கொதிச்சாறின தண்ணி நல்லது. அரை லீற்றர் கொதிச்சாறின தண்ணிக்கு ஒரு தேக்கரண்டி உப்பு, கும்பமா இல்லாமல் தட்டையா வழிச்சு எடுத்ததைவிடவும் கொஞ்சம் குறைய, போட்டுக் கரைச்சா ஆஸ்பத்திரியில பாவிக்கிற சேலைனுக்குக் கிட்ட வந்திடும், அது நூற்றுக்கு 0.9 வீதம் உப்பு. அண்டண்டைக்குப் புதுசாச் செய்யுங்கோ.

டெற்றோலை அப்பிடியே போத்தலில இருந்து ஊத்தினா எரியிறது கிருமிக்கு மட்டும் இல்லை, புதுசா முளைக்கிற உங்கட தோலுக்கும்தான். தண்ணி கலக்கோணும் எண்டு போத்தலிலயே எழுதிக் கிடக்கு, ஆரு வாசிக்கினம்? மஞ்சளைப் பற்றிக் கதைச்சா அம்மாமார் சண்டைக்கு வருவினம், மஞ்சளில நல்ல குணம் இருக்கு எண்டதை நான் மறுக்கேல்லை, ஆனா கடையில வாங்கின கறி மஞ்சள் தூள் கிருமி நீக்கின சாமான் இல்லை, அதோட இன்னொரு சிக்கல், மஞ்சள் பூசின காயத்தைக் கிளினிக்குக்குக் கொண்டு வந்தா சிவப்பு எது மஞ்சள் எது எண்டு எங்களுக்கே பிடிபடாது. நாங்கள் தேடுறது அந்தச் சிவப்பைத்தான்.

அந்தச் சிவப்பை நீங்களும் பாக்கோணும். பேனையை எடுங்கோ. சிவந்து சூடாக் கிடக்கிற இடத்தின்ர விளிம்பைச் சுத்தி போல்பொயின்ற் பேனையால ஒரு கோடு கீறி, பக்கத்தில நேரத்தையும் எழுதி விடுங்கோ. வாட்டில டொக்டர்மாரே இதைத்தான் செய்யிறவை. மருந்து தொடங்கின முதல் நாள் கோட்டை ஒரு கொஞ்சம் தாண்டலாம், அதுக்குப் பதறத் தேவையில்லை, ஆனா 48 மணித்தியாலத்துக்குப் பிறகும் சிவப்பு வெளியால போய்க்கொண்டிருந்தா திரும்பிப் போய்க் காட்டோணும், மருந்து மாத்த வேண்டி வரலாம், உள்ளுக்க இன்னும் சிதல் கட்டியிருக்கலாம். கோட்டுக்கு உள்ளால சுருங்கினா சந்தோசம். நோவை நம்பாதேங்கோ, சிதலை எடுத்து அமுக்கம் குறைஞ்ச உடன நோ போயிடும், கிருமி போயிருக்காது.

காயத்துக்க பாத்தா அடித் தசை இளஞ்சிவப்பா, ஈரமா, மணி மணியா இருந்தா அது நல்ல தசை, தொட்டா லேசா ரத்தம் கசியும், பயப்பிட வேண்டாம். தெளிஞ்ச மஞ்சள் தண்ணி கொஞ்சம் ஊறினாலும் பரவாயில்லை. தடிப்பா, பச்சையா, மணத்தோட வந்தா அது வேற கதை. வேலையால வந்து காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு கதிரையில இருந்து போன் பாக்காமல், படுத்து ரெண்டு தலகாணியில காலை நெஞ்சுக்கு மேல உயர்த்தி வையுங்கோ, வீக்கம் வத்த அதுதான் கெதி.

இதுகள் வந்தா மட்டும் விடியட்டும் எண்டு காத்திருக்க வேண்டாம்: உடம்பு நடுங்கிக் குளிர்ந்து காய்ச்சல் வாறது, காயத்தில இருந்து மேல நோக்கிச் சிவப்புக் கோடு ஓடுறது, முழங்காலை மடக்கவே ஏலாமல் போறது (மூட்டுக்க போயிருக்கலாம்), பாக்கிறதுக்குச் சின்னக் காயம் ஆனா நோ தாங்கேலாமல் இருக்கிறது, தோல் ஊதா நிறமாகிக் கொப்புளம் போடுறது, ஆள் பிதற்றுறது. ஓட்டோ தேடிக்கொண்டு நிக்காமல் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ.

இப்ப நீங்கள் உண்மையாக் கேட்டது. அரை மரதன் ஓடலாமோ? வேண்டாம் தம்பி. இந்த முறை விடுங்கோ. 21 கிலோமீற்றர் கொழும்பு வெக்கையில, வேர்வை ஊறின பிளாஸ்ரரோட, சிதல் எடுத்துக் கன கிழமை ஆகாத முழங்காலை ஆயிரக்கணக்கான தடவை மடக்கி நிமித்துறதுக்கு அந்தத் தோல் இன்னும் ஆயத்தம் இல்லை. காசு கட்டினதைச் சொல்லுறீங்கள், ஒழுங்கு செய்யிறவையிட்ட அடுத்த வருசத்துக்கு மாத்தித் தருவினமோ எண்டு கேட்டுப் பாருங்கோ, சில இடங்களில செய்யிறவை. ஓட்டம் கெட்டுப் போயிடும் எண்ட பயம் உங்கட கடிதத்தில எழுதாமலே தெரியுது. ரெண்டு கிழமை ஓடாமல் இருந்தா மூச்சுப் பிடிக்கிற சக்தி கொஞ்சம்தான் இறங்கும், திரும்ப ஓடத் தொடங்க அது வந்திடும்.

மருந்து முழுக்க முடிஞ்சு, பனடோல் போடாமலே ரெண்டு மூண்டு நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்து, சிவப்பும் வீக்கமும் போய், காயம் மூடி ஊறுறது நிண்டு, படியால நோகாமல் இறங்கவும் அந்த ஒத்தைக் காலில கெந்தவும் ஏலுமெண்டா, அப்ப தொடங்குங்கோ. முதல் அரை மணித்தியாலம் நடை மட்டும். அடுத்த நாள் காலைப் பாருங்கோ, வீங்கேல்லையெண்டா ஒரு நிமிசம் ஓட்டம் ரெண்டு நிமிசம் நடை. அப்பிடிக் கூட்டிக்கொண்டு போகலாம். காய்ச்சல் உடம்போட மட்டும் ஓட வெளிக்கிட வேண்டாம், அது முழங்கால் விசயம் இல்லை, இருதயத்தைத் தாக்கக் கூடிய விசயம். ஒழுங்கை முகப்பில நாய் நிண்டா ஓடாதேங்கோ, நிண்டு ஆறுதலா நடந்து கடவுங்கோ, ஓடுறதைக் கண்டாத்தான் அதுக்குக் கலைக்கிற குணம் வாறது.

கோண்டாவிலில இருந்து ஒரு அம்மா

மகன் மாகாணப் போட்டிக்கு வெறுங்காலோட பயிற்சி எடுத்து, குதிக்கால் வெட்டுப்பட்டுச் சிதல் வைச்சு இப்ப ஆறிக்கொண்டு வருது. என்ர அம்மா மீன், முட்டை, தக்காளி, கத்தரிக்காய் எல்லாம் கிரந்தி எண்டு நிப்பாட்டிப் போட்டா. சோறும் ரசமும் பருப்புத் தண்ணியும்தான். பெடியன் மெலிஞ்சு போறான். என்ன செய்ய?

பதில்: உங்கட அம்மாவோட நான் சண்டை பிடிக்க வரேல்லை, ஆனா ஒண்டு கேக்கிறன், பிள்ளைப் பெத்த வீட்டில வயித்துக்க பச்சைப் புண்ணோட கிடக்கிறவளுக்குப் பத்தியக்கறி வைச்சு, உள்ளியும் மிளகும் அரைச்சு, நல்ல மீன் துண்டு போட்டு, சுறாவும் வறுத்துக் குடுக்கிறதும் இதே அம்மம்மாமார்தானே? அவளுக்குக் கிரந்தி இல்லை, பேரனுக்கு மட்டும் கிரந்தியோ? இதை மெதுவா, அவ நல்ல மனநிலையில இருக்கேக்க கேட்டுப் பாருங்கோ.

புதுத் தசை வளர புரதம் வேணும், அது வானத்தால வராது. வளர்ற வயசு, விளையாட்டுக்காரன், அதோட காயம், மூண்டும் சேந்து மற்ற நாளை விடக் கூடச் சாப்பிட வேண்டிய நேரத்தில நீங்கள் குறைச்சிருக்கிறியள். முட்டை குடுங்கோ, சின்ன மீன் குடுங்கோ, கோழி குடுங்கோ, மரக்கறிக்காரர் எண்டா பருப்பு, கடலை, கௌபி, தயிர் எல்லாம் தாராளமாக் குடுங்கோ, பருப்பின்ர தண்ணியை இல்லை, பருப்பை. றால், நண்டு சாப்பிட்டா அவனுக்கு முந்தியே கடி வந்து தடிக்கிறதெண்டா அதை மட்டும் விலத்துங்கோ, அது ஒவ்வாமை, காயத்தோட சம்பந்தம் இல்லாதது.

தக்காளியை நிப்பாட்டினது எனக்கு இன்னும் கவலை, அதில விற்றமின் சி இருக்கு, அது இல்லாமல் தோலைக் கட்டிப் பிடிக்கிற கொலாஜின் ஒழுங்கா உருவாகாது. 1740களில அன்சன் எண்ட பிரிட்டிஷ் கடற்படைத் தளபதியின்ர கப்பலில மாசக் கணக்கா மரக்கறி பழம் இல்லாமல் ஸ்கேர்வி (விற்றமின் சி குறைஞ்சு வாற வருத்தம்) வந்த ஒரு கிழட்டுப் படைவீரனுக்கு, 50 வருசத்துக்கு முந்தி ஆறிப்போன போர்க்காயம் திரும்பப் பச்சைப் புண்ணாத் திறந்ததெண்டு எழுதி வைச்சிருக்கினம். உங்கட மகனுக்கு அப்பிடி வராது, பயப்பிடாதேங்கோ, ஆனா கொய்யாவும் நெல்லிக்காயும் தேசிக்காய்த் தண்ணியும் எங்கட வளவுக்கயே கிடக்க எதுக்கு அதை விடுவான்.

வெறுங்காலில ஓடுறதைப் பற்றி: பயிற்சி குடுக்கிற சேருக்கு நல்ல நோக்கம் இருக்கலாம், மைதானத்தில புல்லு வெட்டின அடிக்கட்டை, போத்தல் ஓடு, பனை மட்டைக் கருக்கு எல்லாம் கிடக்கு எண்டதையும் அவரிட்டச் சொல்லுங்கோ. காயம் ஆறும் மட்டுமாவது சப்பாத்து.

சாவகச்சேரியில இருந்து ஒரு வாசகர்

காயத்தைக் காத்துப் பட விட்டாக் கெதியா ஆறுமோ, மூடிக் கட்டினாக் கெதியா ஆறுமோ? வீட்டில ரெண்டு கட்சி.

பதில்: மூடுற கட்சி வெண்டிட்டுது, 1962 இலயே. ஜோர்ஜ் வின்ரர் எண்டவர் பண்டியின்ர தோலில சின்னச் சின்னக் காயம் போட்டுப் பாத்தவர், ஈரம் காயாமல் மூடி வைச்சது திறந்து பொருக்குக் கட்ட விட்டதைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு வேகத்தில தோல் மூடினது. பொருக்கு வந்தா ஆறுது எண்டு நாங்கள் நினைக்கிறம், புதுத் தோல் அந்தப் பொருக்குக்குக் கீழால நுழைஞ்சு போகக் கஷ்டப்படுது. ஆனா மூடுறதெண்டா ஊறின, அழுக்கான கட்டோட நாள்க்கணக்கா இருக்கிறது இல்லை. நனைஞ்சா மாத்துங்கோ. வெறும் பஞ்சைக் காயத்தில வைக்க வேண்டாம், நார் ஒட்டும், பேந்து இழுக்கேக்க ஆறின தோலும் சேந்து வரும். ஒட்டின கட்டை உப்புத் தண்ணியால ஊற வைச்சு எடுங்கோ. சிதல் பிடிச்ச காயத்தை மட்டும் நீங்களா இறுக்கி மூடிக் கட்டாதேங்கோ, அது எப்பிடி வடிய விடோணும் எண்டது மருந்து கட்டுற ஆக்களின்ர வேலை.

காரைநகரில இருந்து ஒரு தங்கச்சி

கசூரினா பீச்சில ஓடேக்க சிப்பி வெட்டினது. போன வருசம் ஏற்பூசி போட்டனான். திரும்பப் போடோணுமோ?

பதில்: சின்னனில போட வேண்டியதெல்லாம் ஒழுங்காப் போட்டு, போன வருசமும் போட்டிருந்தா இப்ப தேவையில்லை. பொதுவா அழுக்கான, ஆழமான காயமெண்டா கடைசி ஊசி போட்டு 5 வருசம் தாண்டியிருக்கோ எண்டு பாப்பினம், சுத்தமான சின்னக் காயத்துக்கு 10 வருசம். கார்ட் துலைஞ்சு போச்சு, ஞாபகமில்லை எண்டா போடுறதுதான் புத்தி. துருப்பிடிச்ச ஆணியிலதான் ஏற்பு வரும் எண்டு ஒரு நம்பிக்கை இருக்கு, துருவுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை, அந்தக் கிருமியின்ர வித்து மண்ணிலயும் மாட்டுச் சாணத்திலயும் கிடக்கு, ஆழமான காத்துப் படாத ஓட்டையா இருந்தாக் காணும். உங்களுக்கு ஊசியை விட முக்கியம், சிப்பித் துண்டு உள்ளுக்க முறிஞ்சு கிடக்கோ எண்டு பாக்கிறது. கடல்தண்ணியாலயே கழுவிப்போட்டு விட்டிருந்தா வீட்ட போய் நல்ல தண்ணியால திரும்பக் கழுவுங்கோ, கடலில இருக்கிற சில கிருமி மணித்தியாலக் கணக்கிலயே மோசமாக்கும், வீக்கம் கெதியாக் கூடினா அண்டைக்கே காட்டுங்கோ.

வட்டுக்கோட்டையில இருந்து ஒரு ஐயா (56 வயசு)

எனக்குப் பத்து வருசமாச் சீனி வருத்தம். டொக்டர் நடக்கச் சொன்னவர், நான் மெதுவா ஓடவும் பழகியிட்டன். புதுச் சப்பாத்து பெருவிரலில கடிச்சுக் கொப்புளம் வந்து உடைஞ்சது. நோ ஒண்டும் இல்லை, ஓரத்தில மட்டும் கொஞ்சம் கறுத்துக் கிடக்கு. சித்தாலேப பூசுறன். காணுமோ?

பதில்: காணாது ஐயா. இதை வாசிக்கிற அண்டைக்கே போங்கோ, கிளினிக் திகதி வரும் மட்டும் நிக்க வேண்டாம். நோ இல்லை எண்டு நீங்கள் ஆறுதலா எழுதியிருக்கிறியள், எனக்கு அதுதான் பயம். கொப்புளம் உடைஞ்சா நோகோணும். நோகேல்லை எண்டா சீனி அந்த நரம்பைக் கெடுத்திட்டுது எண்டு அர்த்தம், கறுப்பு எண்டா அந்த இடத்துக்கு ரத்தம் போகாமல் தசை செத்திருக்கலாம். சீனிக்காரருக்கு விரலில தொடங்கினது முழங்காலுக்குக் கீழ எடுக்கிற வரைக்கும் போனதை வாட்டில கண்ட ஆள் நான்.

கொப்புளம் எண்டு குறைச்சு மதிக்கக் கூடாது எண்டதுக்கு ஒரு கதை. 1924 இல அமெரிக்க ஜனாதிபதி கல்வின் கூலிட்ஜின்ர 16 வயசு மகன் சொக்ஸ் போடாமல் ரெனிஸ் விளையாடி, கால் விரலில கொப்புளம் வந்து, கிருமி ரத்தத்தில ஏறி, ஒரு கிழமை அளவில செத்துப் போனான். ஜனாதிபதி மாளிகையில இருந்த பெடியன், நாட்டில இருந்த பெரிய டொக்டர்மார் எல்லாம் பாத்தவை, அப்ப அன்ரிபயோட்டிக் இல்லை. இப்ப இருக்கு, அதால உங்களுக்குப் பயம் காட்டேல்லை, கெதியாப் போகச் சொல்லுறன்.

மாரியும் வரப்போகுது. எங்கட நாட்டு மண்ணிலயும் வயல் தண்ணியிலயும் மெலியோய்டோசிஸ் எண்ட வருத்தத்தின்ர கிருமி இருக்கு, காயத்துக்கால உள்ளுக்க போகும், சீனி வருத்தக்காரரைத்தான் தேடிப் பிடிக்கும், வழமையான அன்ரிபயோட்டிக் பலதுக்கு அசையாது, கிழமைக் கணக்கில ஊசியும் மாசக் கணக்கில குளிசையும் வேணும். எலிக்காய்ச்சலும் அப்பிடித்தான் காயத்துக்கால போறது, 2024 மார்கழியில யாழ்ப்பாணத்தில அது பரவி ஆக்கள் செத்ததை மறந்திருக்க மாட்டியள். அதால வெள்ளம் நிக்கிற ஒழுங்கையில காயத்தோட இறங்காதேங்கோ, மாரியில காயத்தோட காய்ச்சல் வந்தா "நான் வெள்ளத்துக்க நடந்தனான், எனக்குச் சீனி இருக்கு" எண்டு டொக்டரிட்ட நீங்களாவே சொல்லுங்கோ, அவர் கேக்கும் மட்டும் பாத்துக்கொண்டிருக்க வேண்டாம். ஆறின பிறகு ஒவ்வொரு இரவும் உள்ளங்காலைப் பாருங்கோ, குனிய ஏலாட்டி கண்ணாடியை நிலத்தில வைச்சுப் பாக்கலாம். புதுச் சப்பாத்து பின்னேரம் போய் வாங்குங்கோ, அப்பதான் கால் கொஞ்சம் வீங்கி இருக்கும்.

திருநெல்வேலியில இருந்து ஒரு கம்பஸ் மாணவி

விழுந்த காயம் சிதல் பிடிச்சு, அண்ணா போன முறை சாப்பிட்டு மிஞ்சின அன்ரிபயோட்டிக் வீட்டில கிடந்தது, அதை மூண்டு நாள் போட நல்லாக் குறைஞ்சிட்டுது. நிப்பாட்டியிட்டன். சரிதானே அக்கா?

பதில்: சரியில்லைப் பிள்ளை, ரெண்டு இடத்தில சரியில்லை. அண்ணாவுக்கு அது எதுக்குக் குடுத்தது, தொண்டைக்கோ சலத்துக்கோ? அதுக்குக் கேக்கிற மருந்து தோல் கிருமிக்கும் கேக்கும் எண்டு இல்லை. அதோட அண்ணாவிட்ட எப்பிடி மிஞ்சினது எண்டும் எனக்கு விளங்கேல்லை, அவரும் இடையில நிப்பாட்டினவர் போல, குடும்பப் பழக்கம்.

1941 மாசியில ஒக்ஸ்போட்டில அல்பேட் அலெக்சாண்டர் எண்ட பொலிஸ்காரர் ஒருவருக்கு முகமெல்லாம் சிதல் பிடிச்சுச் சாகக் கிடக்கேக்க பெனிசிலின் ஏத்தினவை, அந்த மருந்தை நோயாளியில பாவிக்கத் தொடங்கின காலம் அது. ரெண்டொரு நாளிலயே காய்ச்சல் இறங்கி ஆள் சாப்பிடவும் தொடங்கியிட்டார். ஆனா உலகத்தில இருந்த மருந்தே அவ்வளவுதான், அவரின்ர சலத்தில இருந்து திரும்பப் பிரிச்செடுத்து ஏத்திப் பாத்தும் காணாமல் போச்சு, கிருமி திரும்ப எழும்பி பங்குனியில ஆள் செத்துப் போனார். அவருக்கு மருந்து இல்லை. உங்களுக்குப் பாமசி முழுக்கக் கிடக்கு, நீங்களா நிப்பாட்டிறியள்.

இப்பத்தைய டொக்டர்மார் முந்தின மாதிரிக் கண்டபாட்டுக்கு நீட்டிக் குடுக்கிறதில்லை, தோல் கிருமிக்குக் கனபேருக்கு அஞ்சு ஏழு நாளோட முடிக்கிறவை, ஆனா அந்த நாளைத் தீர்மானிக்கிறது காயத்தைப் பாத்த ஆள். போய்க் காட்டுங்கோ, போட்ட குளிசையின்ர மட்டையையும் கொண்டு போங்கோ.

ஓடுறவை எல்லாருக்கும் இதில ஒரு விசயம். சிப்ரோஃப்ளொக்சசின், லீவோஃப்ளொக்சசின் மாதிரி "ஃப்ளொக்சசின்" எண்டு முடியிற மருந்துகள் குதிக்காலுக்குப் பின்னால இருக்கிற தடிச்ச நாரைப் பலவீனமாக்கி, சிலருக்கு அறுக்கவும் செய்யும், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008 இலயே பெட்டியில கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கச் சொன்னது. டொக்டர் தேவையெண்டு தந்தாப் போடத்தான் வேணும், "நான் ஓடுறனான்" எண்டு அவரிட்டச் சொல்லுங்கோ, வேற மருந்து சரிவருமெண்டா மாத்துவார். போடுற நாளில குதிக்காலுக்குப் பின்னால நோ வந்தா ஓட்டத்தை அந்த இடத்திலயே நிப்பாட்டுங்கோ.

கொக்குவிலில இருந்து ஒரு அண்ணை

முழங்கையும் முழங்காலும் உரஞ்சுப்பட்டுச் சிதல் வைச்சது ஆறிப் பொருக்கும் விழுந்திட்டுது. நல்லூர்த் திருவிழாவில அங்கப்பிரதட்டை செய்யிறதா மனிசி நேர்த்தி வைச்சிட்டா. எனக்கு வைச்ச நேர்த்தி, என்னைக் கேக்காமல். செய்யலாமோ?

பதில்: நேர்த்தி உங்களுக்கு வைச்சது, உருளப் போறது உங்கட முழங்கால், ரெண்டையும் மனிசியிட்ட விளங்கப்படுத்துங்கோ. பொருக்கு விழுந்தா ஆறின மாதிரித் தெரியும், ஆனா மூண்டு கிழமைக் காயத்தில புதுத் தோலின்ர பலம் பழைய தோலின்ர அஞ்சில ஒரு பங்குதான், மூண்டு மாசத்தில நூற்றுக்கு 80 வீதம் அளவுக்கு வரும், அதுக்கு மேல அது ஒருநாளும் போகாது. அதால ஆறி ஒரு மாசம் கூட ஆகேல்லையெண்டா வீதி மண்ணில உருண்டாத் திறக்கும், ஆயிரம் பேர் நடந்த மண். முருகன் பொறுப்பார், 25 நாள் திருவிழா, அடுத்த வருசமும் வரும். இந்த முறை அருச்சனையோட நிப்பாட்டுங்கோ.

பருத்தித்துறையில இருந்து ஒரு தம்பி

குதிக்கால் காயத்தில இருந்த சிதல் சப்பாத்துக்குள்ளயும் ஊறிப் போச்சு. விலை கூடின சப்பாத்து. எறியத்தான் வேணுமோ?

பதில்: சப்பாத்தை எறியாதேங்கோ, உள்ளுக்க இருக்கிற தட்டை மட்டும் கழட்டி எறிஞ்சு புதுசு வாங்குங்கோ, நூல் நாடாவையும் மாத்துங்கோ. மிச்சத்தை வோஷிங் பவுடர் போட்ட இளஞ்சூட்டுத் தண்ணியில பழைய பிரஷ்சால தேய்ச்சுக் கழுவி, கடதாசி அடைஞ்சு, வடிவாக் காயும் மட்டும் காத்துப் படுற இடத்தில வையுங்கோ, அரைவாசி ஈரத்தோட போட வேண்டாம். சொக்ஸைக் கொதிதண்ணியில ஊற வைச்சுத் தோயுங்கோ. குதிக்காலை வெட்டினது சப்பாத்தின்ர பின் விளிம்புதானெண்டா கழுவுறதுக்கு முதல் விரலை விட்டுத் தடவிப் பாருங்கோ, துணி கிழிஞ்சு பிளாஸ்ரிக் வெளியால தெரிஞ்சா அதைச் சப்பாத்துத் தைக்கிறவரிட்டக் குடுத்து ஒரு தோல் துண்டு வைச்சுத் தைச்சுப்போட்டுத்தான் திரும்பக் காலில மாட்டோணும்.